கிராம சபையும் இசைவுரிமையும்: ஒரு வரலாற்று நோக்கு

மக்களாட்சி என்பது குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு ஒருமுறை வாக்களிப்பதோடு நிறைவுறுவதா, அன்றிப் பொதுமுடிவுகள் ஒவ்வொன்றிலும் மக்கள் நேரடியாகப் பங்குகொள்வதையும் வேண்டுவதா என்னும் வினா, இந்திய அளவில் கிராம சபை என்னும் அமைப்பையொட்டியே மிகுதியும் எழுந்துள்ளது. கிராம சபை வேறு, ஊராட்சி மன்றம் வேறு. மன்றம் என்பது தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர் சிலரைக் கொண்டது. சபையோ வாக்காளர் பட்டியலில் பெயருடைய ஊரார் அனைவரையும் கொண்டது. அதன் உறுப்பினரை எவரும் தேர்ந்தெடுப்பதில்லை. அதற்குப் பதவிக்காலம் இல்லை. அதனைக் கலைக்கவும் இயலாது. இவ்வளவு தெளிவான வேறுபாடு இருந்தும் பேச்சு வழக்கில் இரண்டும் 'பஞ்சாயத்து' என்னும் ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றன. இது சொற்குழப்பம் மட்டுமன்று. மன்றத்திற்கு அதிகாரம் வழங்கியதையே மக்களுக்கு அதிகாரம் வழங்கியதாகக் கொள்ளும் கருத்துக் குழப்பமும் இதனுள் மறைந்துள்ளது.

1993ஆம் ஆண்டு கிராம சபை இந்திய அரசியலமைப்பில் இடம்பெற்றது. ஆயினும் சட்டத்தில் இடம்பெற்றமையாலேயே ஓர் அவை முடிவெடுக்கும் அவையாகிவிடவில்லை. தன் இசைவின்றி நடவாத ஏதேனும் ஒன்றினை, அது திட்டப் பணமாயினும் கணக்கேடாயினும் காடாயினும், தன் கையில் கொண்டிருந்த இடங்களில்தான் சபை சபையாக இயங்கிற்று. ஏனைய இடங்களில் அது கேட்கும் அவையாகவும் கையொப்பமிடும் அவையாகவுமே நின்றது. இவ்வேறுபாடு தோன்றிய வரலாற்றை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம்.

பழஞ்சபையும் புதுச்சபையும்

கிராம சபையைப் பற்றிய பேச்சு உத்திரமேரூர்க் கல்வெட்டுகளோடு தொடங்குவது மரபாகிவிட்டது. முதலாம் பராந்தகன் காலத்து, கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளைச் சார்ந்த அக்கல்வெட்டுகள் குடவோலை முறையை விரிவாகக் கூறுகின்றன. கணக்குக் காட்டாதவரும் அவர்தம் உறவினரும் வாரியங்களில் இடம்பெறலாகாது என்னும் விதி இன்றும் வியப்பளிப்பது. எனினும் அச்சபை ஒரு பிரமதேயத்தின் சபை. வரி செலுத்தும் சொந்த நிலம், சொந்த மனையில் வீடு, வேதப் பயிற்சி ஆகியன உடையவராய் 35 அகவைக்கு மேல் 70 அகவைக்குள் உள்ளவரே வாரிய உறுப்பினராக இயலும். உழுகுடிகளுக்கோ பெண்களுக்கோ அங்கு இடமில்லை. வாக்குரிமை பெற்ற அனைவரும் உறுப்பினர் என்னும் இன்றைய கிராம சபைக்கு அதனை மூதாதையாகக் கொள்வது பெருமிதத்தின்பாற்பட்டதேயன்றி வரலாற்றின்பாற்பட்டதன்று. பொதுப்பணத்திற்குக் கணக்குக் காட்டுதல் என்னும் ஒரு கருத்தினையே இரண்டிற்கும் பொதுவாகச் சுட்டலாம்.

இந்தியச் சிற்றூர்களைச் சிறு குடியரசுகளாகக் காணும் நோக்கு ஆங்கிலேய அலுவலர் சார்லஸ் மெட்காஃப் 1830இல் எழுதிய குறிப்பினால் பரவிற்று. 1882இல் ரிப்பன் பிரபு வெளியிட்ட தீர்மானம் தலத்தாட்சி அமைப்புகளுக்கு வித்திட்டது. காந்தியடிகள் கிராம சுயராச்சியத்தைத் தம் அரசியல் நெறியின் நடுவில் வைத்தார். விடுதலை பெற்ற நாட்டின் அரசியலமைப்பை வகுக்க அவை கூடியபோது, இக்கருத்து வரைவில் இடம்பெறாமற்போனது பலருக்கும் அதிர்ச்சியளித்தது.

அரசியல் நிர்ணய சபையின் விவாதம்

1948 நவம்பர் 4ஆம் நாள் அரசியலமைப்பு வரைவை அவையில் முன்வைத்த டாக்டர் அம்பேத்கர், வரைவு கிராமத்தை விடுத்துத் தனிமனிதரை அடிப்படை அலகாகக் கொண்டதில் தமக்கு மகிழ்ச்சியே என்றார். குறுகிய நோக்கும் அறியாமையும் சாதியுணர்வும் தேங்கிய இடமாகவே அவர் கிராமத்தைக் கண்டார். எச்.வி. காமத் உள்ளிட்ட உறுப்பினர் இதனைக் கடுமையாக மறுத்துரைத்தனர். கிராமங்களின் விடுதலைப் போராட்டப் பங்கும் காந்தியடிகளின் கனவும் எடுத்துக்காட்டப்பட்டன. நவம்பர் 22ஆம் நாள் சென்னை மாகாணத்தைச் சார்ந்த கே. சந்தானம் ஒரு திருத்தம் கொணர்ந்தார். கிராம ஊராட்சிகளை அமைத்து, அவை தன்னாட்சி அலகுகளாக இயங்குவதற்கு வேண்டிய அதிகாரங்களை அரசு வழங்க வேண்டும் என்பது அதன் சாரம். அம்பேத்கர் வாதிடாமல் அதனை ஏற்றுக்கொண்டார். அதுவே அரசியலமைப்பின் 40ஆம் பிரிவாக, நீதிமன்றத்தின் வழி வலியுறுத்த இயலாத நெறிமுறைக் கோட்பாடுகளுள் ஒன்றாக அமைந்தது.

இவ்விவாதத்தில் இரண்டு செய்திகள் கருதத்தக்கன. ஒன்று, 40ஆம் பிரிவு ஊராட்சியைக் குறிப்பிடுகிறதேயன்றி ஊரார் அனைவரும் கூடும் அவையைக் குறிப்பிடவில்லை. மற்றொன்று, அம்பேத்கரின் ஐயம் உணர்ச்சிவயப்பட்ட மிகைக்கூற்று எனப் பலராலும் ஒதுக்கப்பட்டதெனினும், அது பின்னர் நிகழ்ந்தவற்றால் பொய்க்கவில்லை. மதுரை மாவட்டம் மேலவளவில் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்ட ஊராட்சித் தலைவர் பதவிக்குத் தேர்ந்தெடுக்கப்பெற்ற முருகேசனும் உடன் சென்றோரும் 1997 ஜூன் 30ஆம் நாள் வெட்டிக் கொல்லப்பட்டனர். அதே மாவட்டத்துப் பாப்பாப்பட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகிய ஊர்களிலும் விருதுநகர் மாவட்டத்துக் கொட்டக்கச்சியேந்தலிலும் ஒதுக்கீட்டை ஏற்க மறுத்தமையால் 1996 முதல் பத்தாண்டுகள் முறையான தலைவர் பொறுப்பேற்க இயலவில்லை. ஊரார் அனைவரும் ஒருங்கே அமரும் அவை என்று சட்டம் கூறுவது எளிது. யார் அமர்வார், யார் நிற்பார் என்பதை ஊர் வேறுவகையில் முடிவு செய்துவைத்திருக்கும்.

குழுக்களின் காலம்

1952 அக்டோபர் 2ஆம் நாள் தொடங்கிய சமுதாய வளர்ச்சித் திட்டம் மக்களின் ஒத்துழைப்பை நாடிற்று. ஆனால் திட்டங்கள் மேலிருந்தே வந்தன. இக்குறையை ஆராய 1957இல் அமைக்கப்பட்ட பல்வந்தராய் மேத்தா குழு, கிராமம், ஒன்றியம், மாவட்டம் என மூன்று அடுக்கு ஊராட்சி முறையைப் பரிந்துரைத்தது. 1959 அக்டோபர் 2ஆம் நாள் ராஜஸ்தானத்து நாகௌரில் ஜவாகர்லால் நேரு அம்முறையைத் தொடங்கிவைத்தார். மூன்று அடுக்குகளும் தேர்ந்தெடுக்கப்பட்டோரின் அவைகளே. கிராம சபைக்கு அவ்வடுக்கில் இடமில்லை.

இக்குறையைத் தொடர்ந்து சுட்டிக்காட்டியவர் ஜெயப்பிரகாஷ் நாராயண். தேர்தல் கட்சிகளுக்குரியது, சபை மக்களுக்குரியது என்னும் நோக்கில், ஊராட்சிமுறையின் அடித்தளம் கிராம சபையாகவே இருத்தல் வேண்டும் என அவர் வாதிட்டார். ஆர்.ஆர். திவாகர் தலைமையில் கிராம சபையின் நிலையை ஆராயவென்றே ஒரு குழு அமைக்கப்பட்டு 1963இல் அறிக்கை அளித்தது. அசோக் மேத்தா குழு (1978), எல்.எம். சிங்வி குழு (1986) ஆகியன அடுத்தடுத்து வந்தன. இவற்றுள் சிங்வி குழு கிராம சபையை நேரடி மக்களாட்சியின் வடிவமாகவே கண்டது. அறிக்கைகள் பெருகின, சபைகள் பெருகவில்லை. 1989இல் கொணரப்பட்ட 64ஆவது திருத்த மசோதா மக்களவையில் நிறைவேறி மாநிலங்களவையில் தோற்றது.

1992 டிசம்பரில் இரு அவைகளிலும் நிறைவேறி, 1993 ஏப்ரல் 24ஆம் நாள் நடைமுறைக்கு வந்த 73ஆவது திருத்தமே கிராம சபைக்கு அரசியலமைப்பில் முதன்முதலாக இடமளித்தது. ஆயின் எத்தகைய இடம் என்பதனை 243-அ பிரிவின் சொல்லமைப்பு காட்டும். மாநிலச் சட்டமன்றம் சட்டத்தின் வழி வகுத்தளிக்கும் அதிகாரங்களைக் கிராம சபை செலுத்தலாம் என்பதே அதன் பொருள். தேர்தல் ஐந்தாண்டுக்கு ஒருமுறை நடைபெறல் வேண்டும். பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாத இடம் ஒதுக்கப்படல் வேண்டும். இவை கட்டாயம். சபைக்கு மட்டும் 'வேண்டும்' இல்லை, 'லாம்' தான் உண்டு. ஒரு விகுதியின் அளவே ஆன இவ்வேறுபாட்டின் விளைவு பெரிது. பல மாநிலங்கள் ஆண்டுக்கு இத்தனை முறை சபை கூட வேண்டும் என விதித்தன. கூடியவர் என்ன செய்யலாம் என்பதனைத் தெளிவுறக் கூறவில்லை. தமிழ்நாட்டில் குடியரசு நாள், மே நாள், விடுதலை நாள், காந்தி பிறந்த நாள் ஆகிய நான்கு நாள்களில் சபை கூடுவது வழக்கமாயிற்று. 2022 முதல் மார்ச் 22, நவம்பர் 1 ஆகியனவும் சேர்ந்து ஆறு நாள்களாயின. விழா நாளில் கூடும் அவை விழாவின் சாயலைப் பெறுவது இயல்பே.

1996: மூன்று நிகழ்வுகள்

ஒன்றையொன்று சாராத மூன்று நிகழ்வுகள் 1996ஆம் ஆண்டில் நிகழ்ந்தன. ஏப்ரலில் ராஜஸ்தானத்துப் பியாவரில் ஒரு தெருமுனைப் போராட்டம். ஆகஸ்டில் கேரளத்தில் ஓர் அரசு இயக்கம். டிசம்பரில் நாடாளுமன்றத்தின் ஒரு சட்டம். பங்கேற்பு மக்களாட்சியின் இந்திய வரலாற்றை எழுதுவோர் 1993ஐத் திருப்புமுனையாகக் கொள்வர். சபை எதைக் கையில் பிடித்தது என்று நோக்கின், 1996ஆம் ஆண்டே அப்பெயருக்கு உரியது.

ராஜஸ்தானத்தில் பிரச்சினை கூலியிலிருந்து தொடங்கிற்று. வறட்சி நிவாரணப் பணிகளில் உழைத்தோர் குறைந்தபட்சக் கூலி கேட்டபோது, அளவுப் புத்தகத்தில் பதிவான வேலை அவ்வளவே என்னும் மறுமொழி கிடைத்தது. புத்தகத்தைக் காட்டுக என்றால் அது அரசு ஆவணம், காட்டலாகாது என்பது அடுத்த மறுமொழி. 1990 மே நாளில் அமைக்கப்பெற்ற மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன், அருணா ராய், நிகில் டே, சங்கர் சிங் ஆகியோரின் முன்முயற்சியில் ஒரு புதிய வழியைக் கண்டது. 1994 டிசம்பர் 2ஆம் நாள் பாலி மாவட்டம் கோட் கிரானாவில் முதல் 'ஜன் சுன்வாயி' நடைபெற்றது. சுன்வாயி என்பதற்குக் கேட்டல், விசாரணை என்பன பொருள். மஸ்டர் ரோலில் உள்ள பெயர்களும் தொகைகளும் ஊர் நடுவே உரக்கப் படிக்கப்பட்டன. பெயருக்குரியவர் எழுந்து தாம் அவ்வேலைக்குச் சென்றாரா, அக்கூலியைப் பெற்றாரா என்று கூறுவார். இறந்தோர் பெயரிலும் ஊரைவிட்டு வெளியேறியோர் பெயரிலும் கூலி எழுதப்பட்டிருந்ததும், கட்டப்படாத கட்டடங்களுக்குப் பணம் பெறப்பட்டிருந்ததும் இவ்விசாரணைகளில் வெளிப்பட்டன.

இம்முறையின் ஆற்றல் அதன் எளிமையில் இருந்தது. எழுத்தறியாதார் மிகுந்த ஊர்களில் எழுத்தே அதிகாரத்தின் கருவி. அக்கருவியை ஒலியாக மாற்றியவுடன் அது எல்லோர்க்கும் உரியதாயிற்று. பொறியாளரின் அளவுப் புத்தகத்தை ஆராய்ந்து மறுக்கத் தொழில்நுட்ப அறிவு வேண்டியிருக்கலாம். தன் பெயர் படிக்கப்படும்போது தான் அங்கு இல்லை என்று சொல்ல அது வேண்டியதில்லை. ஆவண நகல்கள் வழங்கப்படும் என 1995 ஏப்ரலில் மாநில முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தும் ஆணை வாராமையால், 1996 ஏப்ரல் 6ஆம் நாள் பியாவரில் தொடங்கிய அமர்வுப் போராட்டம் 40 நாள்கள் நீடித்தது. எங்கள் பணம், எங்கள் கணக்கு என்பது அதன் முழக்கம். தகவல் உரிமை நாடளாவிய கோரிக்கையாக மாறியதில் பியாவருக்குப் பெரும்பங்குண்டு. தமிழ்நாடு 1997இலும் ராஜஸ்தான் 2000இலும் சட்டமியற்றின. 2005இல் நடுவணரசின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்தது. அதே ஆண்டு இயற்றப்பட்ட ஊரக வேலையுறுதிச் சட்டம், பணிகளைச் சமூகத் தணிக்கை செய்யும் பொறுப்பைக் கிராம சபைக்கு அளித்தது. ஆந்திரப் பிரதேசம் 2006 முதல் இதனைத் தனியமைப்பின் வழி முறையாக நடத்திற்று. கோட் கிரானாவில் அரசுக்கு எதிராகக் கண்டறியப்பட்ட முறை பன்னிரண்டு ஆண்டுகளில் அரசின் முறையாயிற்று.

கேரளத்தின் நிகழ்வு இதற்கு நேர்மாறான இடத்திலிருந்து, அதாவது அரசிடமிருந்தே தொடங்கிற்று. 1996 ஆகஸ்டு 17, மலையாளப் புத்தாண்டின் முதல் நாள், மக்கள் திட்ட இயக்கம் தொடங்கப்பட்டது. ஒன்பதாம் ஐந்தாண்டுத் திட்டத்தில் மாநிலத் திட்ட நிதியின் 35 முதல் 40 விழுக்காட்டை உள்ளாட்சிகளுக்கு ஒதுக்க அரசு முடிவு செய்தது. நிதியை முன்னரே அறிவித்துவிட்டு அதற்குரிய திட்டத்தை ஊராரே வகுக்க வேண்டும் என்றதுதான் இம்முயற்சியின் உயிர்நிலை. நிர்வாகம் முதலில் ஆயத்தமாகட்டும், பிறகு அதிகாரம் தரலாம் என்னும் வழக்கமான வாதம் அங்குத் தலைகீழாக்கப்பட்டது. முதலில் பொறுப்பைத் தந்துவிட்டால் ஆயத்தம் தானே வரும் என்பது திட்டக்குழுவின் துணிபு.

கேரளத்துக் கிராம ஊராட்சிகள் மக்கள்தொகையில் பெரியன. எனவே அங்குக் கிராம சபை வார்டு அளவில் அமைக்கப்பட்டிருந்தது. முதற்சுற்றுச் சபைகளில் 20 லட்சத்திற்கும் மேற்பட்டோர் கலந்துகொண்டதாகக் கணக்கிடப்பட்டது. பெருங்கூட்டத்தில் ஒருவர் பேச மற்றவர் கேட்கும் முறை தவிர்க்கப்பட்டது. வேளாண்மை, குடிநீர், கல்வி எனப் பொருள்வாரியாகச் சிறு குழுக்கள் பிரிந்து உரையாடின. அதற்கெனப் பயிற்சி பெற்ற தன்னார்வலர் ஊர்தோறும் இருந்தனர். கேரள சாஸ்திர சாகித்திய பரிஷத்தின் நெடுநாள் அறிவியல் பரப்புப் பணியும், 1991இல் முழு எழுத்தறிவு எய்திய இயக்கமும் அத்தகையோரை முன்னரே உருவாக்கியிருந்தன. சபைகளில் எழுந்த கருத்துகளும் ஊர் வளங்களின் கணக்கும் சேர்ந்து ஒவ்வோர் ஊராட்சிக்கும் வளர்ச்சி அறிக்கையாயின. வளர்ச்சிக் கருத்தரங்குகள் அவற்றை விவாதித்தன. செயற்குழுக்கள் திட்டங்களாக வடித்தன.

குறைகளும் அங்கேயே தோன்றின. முதலாண்டில் பெண்களின் வருகை மூன்றில் ஒரு பங்கை எட்டவில்லை. திட்ட நிதியில் 10 விழுக்காடு பெண்களுக்கெனத் தனியே ஒதுக்கப்பட்ட பின்னரும், 1998இல் குடும்பஸ்ரீ குழுக்கள் தோன்றிய பின்னரும் இந்நிலை மாறலாயிற்று. அதனினும் ஆழமான குறை வேறொன்று. பயனாளிகளைத் தேர்வு செய்யும் பொறுப்பு சபைக்கு வந்தபின், வீடு, கறவை மாடு, கழிப்பறை ஆகியவற்றுக்கு விண்ணப்பித்தோரே பெரும்பாலும் வரலாயினர். பயன் பெற வாய்ப்பற்ற நடுத்தர வகுப்பினர் விலகினர். ஊரின் எதிர்காலத்தை வகுக்கக் கூடிய அவை பயனாளிப் பட்டியலுக்குள் சுருங்கிற்று. எனினும் பட்டியல் சபையின் கையில் இருந்தவரை சபை கூடியது என்பதையும் மறத்தலாகாது. கையில் ஒன்றுமில்லாத சபைகளுக்கு அதுவும் வாய்க்கவில்லை.

சட்டத்தின் வினைச்சொற்கள்

73ஆவது திருத்தம் ஐந்தாம் அட்டவணைப் பகுதிகளாகிய பழங்குடி நிலங்களுக்குத் தானே பொருந்துவதன்று. அப்பகுதிகளுக்கு அதனை விரிவாக்கும் முறையைப் பூரியா குழு ஆராய்ந்து 1995இல் அறிக்கை அளித்தது. அதனைத் தொடர்ந்து 1996 டிசம்பர் 24ஆம் நாள் பெசா எனச் சுருக்கமாக வழங்கும் சட்டம் உருவாயிற்று. கிராமம் என்பதற்கு இச்சட்டம் தரும் விளக்கமே புதியது. வருவாய்த்துறை எல்லையால் அன்றி, தன் மரபுப்படி தன் காரியங்களைத் தானே நடத்திக்கொள்ளும் குடியிருப்பு எதுவோ அதுவே கிராமம். அதன் மக்கள் கூடுவதே சபை.

இச்சட்டத்தில் சபையின் அதிகாரத்தை அளந்து காட்டுவன அதன் வினைச்சொற்கள். ஊர் வளர்ச்சித் திட்டங்களுக்குச் சபை ஒப்புதல் அளிக்க வேண்டும். ஊராட்சி செலவிட்ட நிதிக்கு அதனிடம் சான்று பெற வேண்டும். சிறு கனிமங்களுக்குக் குத்தகை வழங்குமுன் பரிந்துரை பெற வேண்டும். நிலம் கையகப்படுத்துமுன் கலந்தாய்வு நடத்த வேண்டும். ஒப்புதல், சான்று, பரிந்துரை, கலந்தாய்வு என இச்சொற்களை வரிசைப்படுத்தினால், எடுத்துக்கொண்ட பொருளின் மதிப்பு ஏற ஏறச் சபைக்குரிய சொல் மெலிந்துகொண்டே வருவதைக் காணலாம். கிணற்றுக்கு ஒப்புதல், நிலத்துக்குக் கலந்தாய்வு. பெருங்கனிமத்திற்கு ஒரு சொல்லும் இல்லை. மேலும், பரிந்துரையும் கலந்தாய்வும் கூறப்படும் இடங்களில் 'கிராம சபையோ உரிய நிலை ஊராட்சியோ' என ஒரு மாற்று வைக்கப்பட்டுள்ளது. இந்த 'ஓ' இடைச்சொல் வழியே ஊராரைத் தவிர்த்து ஊராட்சித் தலைவர்களிடம் மட்டும் கருத்துக் கேட்கும் வழக்கம் நுழைந்தது. சட்டத்தை நடைமுறைப்படுத்தும் விதிகளை மகாராட்டிரம் 2014இலும், மத்தியப் பிரதேசமும் சத்தீஸ்கரும் 2022இலும்தான் இயற்றின என்பதிலிருந்து மாநிலங்கள் இதன்பால் கொண்ட ஆர்வத்தை உணரலாம்.

ஜார்க்கண்டின் முண்டா மக்கள் இச்சட்டத்தை வேறுவகையில் வெளியிட்டனர். இறந்தோர் நினைவாகக் கல் நாட்டும் தம் மரபின்படி, 2017, 2018ஆம் ஆண்டுகளில் குந்தி மாவட்டத்து ஊர் எல்லைகளில் சபையின் உரிமைகளைப் பொறித்த பெருங்கற்களை நட்டனர். பத்தல்கடி எனப்பட்ட இவ்வியக்கத்தினர்மீது தேசத் துரோக வழக்குகள் தொடரப்பட்டன. 2019 டிசம்பரில் பொறுப்பேற்ற புதிய அரசு அவற்றைத் திரும்பப் பெற முடிவு செய்தது. சபை விதிகளைக் கல்லில் வெட்டிய உத்திரமேரூரார் போற்றப்படும் நாட்டில், சட்டப்பிரிவுகளைக் கல்லில் வெட்டியோர் குற்றவாளிகளாக நின்றது எண்ணத்தக்கது.

சொல்லை வலுப்படுத்தியது 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம். காட்டின்மீதான உரிமைக் கோரிக்கைகளைப் பெற்று ஆராயும் பணியைத் தொடங்கும் அதிகாரம் அதன்படி கிராம சபைக்கே உரியது. மகாராட்டிரத்துக் கட்சிரோலி மாவட்டத்தில் கோண்டு மக்கள் வாழும் மேண்டா-லேகா என்னும் சிற்றூர், எல்லோரும் இசையும்வரை பேசி முடிவெடுக்கும் முறையை 1980களிலிருந்தே கையாண்டு வந்தது. பெரும்பான்மை வாக்கெடுப்பு அங்கு இல்லை. தில்லியிலும் மும்பையிலும் எங்கள் அரசு, எங்கள் ஊரில் நாங்களே அரசு என்னும் பொருள்பட்ட அவர்தம் முழக்கம் நாடறிந்தது. 2009இல் சுமார் 1,800 எக்டேர் காட்டின்மீது அவ்வூர் சமூக உரிமை பெற்றது. உரிமைப் பட்டயம் கையில் வந்தும் மூங்கிலை வெட்டி விற்க இயலவில்லை. சரக்கை எடுத்துச் செல்வதற்குரிய நடைச்சீட்டு வனத்துறையிடம் இருந்தது. 2011 ஏப்ரலில் நடுவண் சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் நேரில் வந்து நடைச்சீட்டுப் புத்தகத்தை ஊராரிடம் ஒப்படைத்தார். அதன் பின்னரே உரிமை வருவாயாயிற்று.

நியம்கிரி

ஒடிசாவின் ராயகடா, களஹண்டி மாவட்டங்களில் பரந்துள்ள நியம்கிரி மலை டோங்ரியா கோண்டு மக்களின் உறைவிடம். மலையுச்சி அவர்கள் வழிபடும் நியம ராஜாவின் இருப்பிடம். அதே உச்சியில் பாக்சைட் படிவும் உண்டு. லாஞ்சிகட்டில் நிறுவப்பட்ட அலுமினா ஆலைக்கு அக்கனிமத்தை வெட்டியெடுக்கும் திட்டம் பல ஆண்டுகள் வழக்கில் இருந்தது. இதற்கிடையில் 2009 ஆகஸ்டு 3ஆம் நாள் சுற்றுச்சூழல் அமைச்சகம் விடுத்த சுற்றறிக்கை, காட்டு நிலத்தை வேறு பயனுக்கு மாற்றுமுன் கிராம சபையின் இசைவு வேண்டும் என்றது. 2010 ஆகஸ்டில் அமைச்சகம் இத்திட்டத்திற்கு அனுமதி மறுத்தது. மறுப்பை எதிர்த்து ஒடிசா சுரங்கக் கழகம் தொடுத்த வழக்கில், 2013 ஏப்ரல் 18ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மக்களின் சமய, பண்பாட்டு உரிமைகளைச் சுரங்கம் பாதிக்குமா என்பதனைக் கிராம சபைகளே ஆராய்ந்து கூற வேண்டும். மாவட்ட நீதிபதி நிலையிலுள்ள ஒருவர் உடனிருந்து நோக்க வேண்டும் என்பது ஆணை.

மாநில அரசு பன்னிரண்டு ஊர்களை மட்டும் தேர்ந்தெடுத்தது. மலையைச் சார்ந்து நூற்றுக்கும் மேற்பட்ட ஊர்கள் இருக்கப் பன்னிரண்டு மட்டும் போதுமா என்னும் எதிர்ப்பு எழுந்தது. 2013 ஜூலை 18ஆம் நாள் சேர்க்கபாடியில் முதற்கூட்டம். ஆகஸ்டு 19ஆம் நாள் ஜார்பாவில் இறுதிக்கூட்டம். பன்னிரண்டு சபைகளும் மறுத்தன. மலை முழுவதும் நியம ராஜாவுக்குரியது, அதனைத் துண்டுபோட்டு உரிமை கோர இயலாது என்னும் கருத்து அவற்றில் மீண்டும் மீண்டும் ஒலித்தது. தனித்தனிப் பட்டாவையும் கோயிலுக்குரிய இடத்தையும் அளந்து கேட்கும் சட்டமொழிக்கு இது எளிதில் பிடிபடாத விடை. குவி மொழியில் கூறப்பட்ட அவ்விடை அரசு ஆவணத்தில் பதிவாயிற்று. 2014 ஜனவரியில் அமைச்சகம் திட்டத்தை நிராகரித்தது. சபைகளை மீண்டும் கூட்ட வேண்டும் என்னும் மாநிலத்தின் முறையீட்டை 2016 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை.

நியம்கிரியில் நீதிபதி ஒருவர் உடனிருந்தமை சிறு செய்தியன்று. சபை கூறியது ஒன்று, புத்தகத்தில் ஏறியது வேறொன்று என்னும் நிலைக்கு அங்கு வழியில்லாமற்போயிற்று.

பேச்சும் பதிவேடும்

சபையில் யார் பேசுகின்றனர், யாருக்கு விடை கிடைக்கிறது என்பதனைத் தமிழ்நாட்டுக் கிராம சபைகளின் உரையாடற் பதிவுகளைக் கொண்டு ஆராய்ந்த கட்டுரை ஒன்று 2019இல் வெளிவந்தது. பெண்கள் வருகை தந்தும் அவர்கள் பேசுவதற்கும், அவர்கள் எழுப்பிய பொருள் விவாதமாவதற்கும், அலுவலரிடமிருந்து விடை பெறுவதற்கும் உள்ள வாய்ப்பு ஆண்களைவிடக் குறைவு என அது காட்டிற்று. ஊராட்சித் தலைவர் பெண்ணாக இருக்கும் இடங்களில் பெண்களுக்கு விடை கிடைக்கும் வாய்ப்பு கூடுகிறது. மன்றத்திற்குச் செய்யப்பட்ட ஒதுக்கீடு சபையின் பேச்சையும் மாற்றியுள்ளது என இதனைக் கொள்ளலாம். வன உரிமைச் சட்டத்தின் 2012ஆம் ஆண்டு விதித் திருத்தம் சபைக்கே ஒரு நிபந்தனை விதித்தது: உறுப்பினருள் பாதிப்பேர் வருகை தர வேண்டும், வந்தோருள் மூன்றில் ஒரு பங்கேனும் பெண்களாக இருத்தல் வேண்டும்.

பேச்சு நிகழ்ந்த பின் எஞ்சுவது தீர்மானப் புத்தகம். இசைவு கட்டாயமானபின் இப்புத்தகத்தின் மதிப்பு ஏறிற்று. மதிப்பு ஏறியபின் அதனைத் திருத்தும் ஆசையும் ஏறிற்று. சத்தீஸ்கரின் ஹஸ்தேவ் காட்டு ஊர்களின் மக்கள் 2021 அக்டோபரில் ஏறத்தாழ 300 கிலோமீட்டர் நடந்து ராய்ப்பூரை அடைந்தனர். நிலக்கரிச் சுரங்கத்திற்குத் தம் சபைகள் இசைவளித்ததாகக் காட்டும் தீர்மானம் போலியானது என்பது அவர்கள் முன்வைத்த குற்றச்சாட்டு. தாம் கூறாத சொல் தம் பெயரில் எழுதப்பட்டுள்ளது என்று முறையிட அவர்கள் அத்தொலைவு நடக்க வேண்டியிருந்தது. கோட் கிரானாவில் மஸ்டர் ரோலுக்கு நேர்ந்ததும் இதுவே. அங்குக் கூலி, இங்குக் காடு.

2013ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தல் சட்டம், அட்டவணைப் பகுதிகளில் பெசாவின் 'கலந்தாய்வு' இருந்த இடத்தில் 'முன் இசைவு' என்னும் சொல்லை வைத்தது. அதற்கு மாறாக, 2022 ஜூன் 28ஆம் நாள் அறிவிக்கப்பட்ட வனப் பாதுகாப்பு விதிகள் வரிசையை மாற்றின. முன்பு நடுவணரசு இறுதி அனுமதி வழங்குமுன் வன உரிமைகள் தீர்க்கப்பட்டனவா, சபை இசைந்ததா என்று நோக்க வேண்டியிருந்தது. புதிய விதிகளின்படி நடுவணரசு அனுமதி வழங்கிவிடலாம். வன உரிமைச் சட்டம் கடைப்பிடிக்கப்பட்டதா என்பதனை நிலத்தை ஒப்படைக்குமுன் மாநில அரசு பார்த்துக்கொள்ளும். பணமும் அனுமதியும் முடிந்துவிட்ட நிலையில் கூட்டப்படும் சபையிடம் கேட்பதற்கு என்ன இருக்கும் என்னும் ஐயம் எழுந்தது. அவ்விதிகளை நிறுத்திவைக்க வேண்டும் எனத் தேசியப் பழங்குடியினர் ஆணையம் அதே ஆண்டு செப்டம்பரில் அமைச்சகத்திற்கு எழுதிற்று.